பள்ளிச் சீருடையோடு கல்லூரியில் கையெழுத்து: அவசரம் யாருக்கு?

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தத் தலையங்கம் உங்களுக்காகத்தான். எஸ்பிஎம் முன்னோட்டத் தேர்வு, அதாவது பிள்ளைகள் டிரையல் என்று சொல்வது, முடிந்த கையோடு தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். தனியார் கல்லூரிகளின் ஆட்கள் பள்ளி மண்டபத்தில் மேசை போடுவார்கள். பேரங்காடியில் கூடாரம் இருக்கும், சில இடங்களில் கோயில் திருவிழாவிலும் இருக்கும். பேசுகிறவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார். "அங்கிள், ஆன்டி" என்று மரியாதையோடு, நல்ல தமிழில் பேசுவார்.

டிரையல் முடிவைக் காட்டினால் போதும், எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பார். மற்ற பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களில் உங்கள் பிள்ளை கல்லூரியில் கிரெடிட் சேர்க்க ஆரம்பித்துவிடும், வேலைக்கும் முன்னதாகவே போய்விடும் என்பார். இந்த வாரத்துக்குள் பதிவு செய்தால் கட்டணத்தில் கழிவு உண்டு. மடிக்கணினி இலவசம். 5,000 வெள்ளி உபகாரச் சம்பளமும் உண்டு.

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் படிப்பைத் தொடங்குவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அது நல்ல ஏற்பாடுதான். அதை யார் செலவில் செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1985-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சட்டம் இயற்றியது. உயர்நிலைப்பள்ளி மாணவர் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். கட்டணத்தை மாநில அரசு கட்டும். பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரிலும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பாலிடெக்னிக்கில் சில பாடங்களை முன்கூட்டியே படித்துவிட்டு, பிறகு அங்கே சேரும்போது அந்தப் பாடத்திலிருந்து விலக்குப் பெறும் வழியைச் செய்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் பிள்ளையின் நேரத்தை மிச்சப்படுத்தியது அரசாங்கம். நம் வீட்டு வாசலுக்கு வருவது அந்த ஏற்பாடு அல்ல. நமக்கு வருவது தவணைக்கு விற்கப்படும் அவசரம்.

முதலில் இந்தக் கிரெடிட் என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். நம் வீடுகளில் இந்தச் சொல் குழப்பம் உண்டாக்குகிறது. எஸ்பிஎம் தேர்வில் கிரெடிட் என்றால் ஒரு பாடத்தில் 'சி' அல்லது அதற்கு மேல் எடுப்பது. 'டி'யும் 'இ'யும் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் ஆகாது. கல்லூரியில் கிரெடிட் என்றால் படித்த பாடத்தின் அளவு. இத்தனை கிரெடிட் சேர்ந்தால்தான் டிப்ளோமா, இத்தனை சேர்ந்தால்தான் பட்டம் என்று கணக்கு. (வங்கியில் இதே சொல்லுக்குக் கடன் என்று பொருள். அதை மறக்க வேண்டாம்.) கல்லூரி ஆள் சொல்வது இரண்டாவது வகை. ஆனால் அந்த இரண்டாவது வகைக்குப் போக முதல் வகை வேண்டும். பொதுவாக, டிப்ளோமா படிக்க எஸ்பிஎம்மில் குறைந்தது 3 கிரெடிட், அடிப்படைக் கல்வி எனப்படும் ஃபவுண்டேஷனுக்கு 5 கிரெடிட். துறைக்குத் துறை இதற்கு மேலும் நிபந்தனைகள் உண்டு.

அதற்கும் முன்னால் எஸ்பிஎம் சான்றிதழ் கையில் வர வேண்டும். மலாய் மொழியில் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். டிரையலில் 6 கிரெடிட் எடுத்த பையன் எஸ்பிஎம்மில் செஜாராவில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? ஒரு பருவம் முழுக்கக் கல்லூரியில் உட்கார்ந்து படித்திருப்பான். அப்பா கட்டணம் கட்டியிருப்பார். நுழைவுத் தகுதியே இல்லை என்று அப்போது சொல்வார்கள். வேறு சான்றிதழ் வகுப்புக்கு மாறச் சொல்வார்கள், அதற்கு வேறு கட்டணம். இல்லையென்றால் மறுதேர்வு எழுதிவிட்டு வரச் சொல்வார்கள். சேர்த்த கிரெடிட் எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளைக்கும் இந்த அவசரத்தால் நட்டம் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் என்னைப் பார்க்க வந்தார். கையில் நெகிழிப் பை நிறையத் தாள்கள். அவர் மகள் டிரையல் முடிவை வைத்து ஒரு தனியார் கல்லூரியில் அறிவியல் ஃபவுண்டேஷனில் சேர்ந்திருந்தாள். பதிவுப் பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. எஸ்பிஎம் முடிவு வந்தது, பிள்ளை நன்றாகவே செய்திருந்தாள். சில வாரங்களில் மெட்ரிகுலேஷன் அழைப்பும் வந்தது. குடும்பமே மகிழ்ந்துபோனது. கல்லூரியை விட்டு விலகுகிறோம் என்று கடிதம் கொடுத்தபோதுதான் பதில் கடிதம் வந்தது. நடப்புப் பருவத்தின் மீதிக் கட்டணம் முழுவதையும் கட்ட வேண்டும். கொடுத்த உபகாரச் சம்பளத்தையும் திருப்பித் தர வேண்டும்.

"சார், அந்தப் பணத்தை நாங்க கண்ணால பார்க்கவே இல்லையே, எதைத் திருப்பித் தர்றது?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அவர் கேட்டது நியாயம். அந்த உபகாரச் சம்பளம் பணமாக யார் கைக்கும் வரவில்லை. கட்டணப் பட்டியலில் ஒரு வரியில் கூட்டிக் காட்டி அடுத்த வரியில் கழித்த தொகை அது. கடையில் விலையை ஏற்றி எழுதி அதன் மேல் கோடு போடுவார்களே, அதே வேலைதான். ஆனால் தாளில் உபகாரச் சம்பளம் என்று எழுதியிருந்ததால், இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனோடு கட்டிவிட்டார்கள். அப்பா அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். இதற்கிடையில் பள்ளிச் சான்றிதழ்களின் அசலைக் கல்லூரி வைத்துக்கொண்டிருந்தது. மெட்ரிகுலேஷனில் பதிவு செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கறிஞர் கடிதம் போன பிறகுதான் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். மீதிக் கட்டணத்தைக் கேட்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். கட்டிய பணம் கட்டியதுதான், திரும்ப வரவில்லை. சங்கிலியை மீட்க அந்த வீட்டுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று நான் கேட்கவில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

1971-ஆம் ஆண்டின் சட்டப்படி நம் நாட்டில் 18 வயது நிறைந்தால்தான் ஒருவர் முதிர்வயது அடைந்தவர். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆவது பிரிவு, முதிர்வயது அடைந்தவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் என்கிறது. ஐந்தாம் படிவ மாணவருக்குப் பெரும்பாலும் 17 வயது. ஆகவே பிள்ளை மட்டும் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு கல்லூரி சாதாரணக் கட்டண ஒப்பந்தத்தை நிலைநாட்டுவது கடினம். இது கல்லூரிக்கும் தெரியும். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "அங்கிள், இங்கே ஒரு சைன்" என்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு கடன்காரர் நீங்கள்தான்.

படிவத்தில் உங்கள் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மலாயில் பென்ஜாகா என்று இருந்தால் காப்பாளர். பிள்ளையின் பெற்றோர் நான் என்று அடையாளம் சொல்வது அது. பென்ஜாமின் என்று இருந்தால் ஜாமீன். பிள்ளை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்வது அது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்கள். முதல் சொல்லைச் சொல்லிக் காட்டி, இரண்டாவது சொல்லுக்கு மேல் கையெழுத்து வாங்கிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். காப்பாளர் என்று மட்டும் இருந்தாலும் உள்ளே ஏதாவது ஒரு வரியில் கட்டணப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பதாக எழுதியிருக்கலாம். ஆகவே தாள் முழுவதையும் படிக்க வேண்டும்.

பிள்ளை சிறுவயது, அவன் கையெழுத்து எதிலும் செல்லாது என்று நினைத்துவிடவும் கூடாது. 1971-இல் வந்த குர்சரண் சிங் வழக்கில், சிறுவயதில் செய்த பயிற்சி ஒப்பந்தம் செல்லாது என்று சொன்ன நீதிமன்றம், கல்வி அடிப்படைத் தேவைகளில் ஒன்று, அதற்கு நியாயமான தொகையைக் கேட்கலாம் என்றும் சொன்னது. அதன் பிறகு 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தையே திருத்தினார்கள். அரசாங்கம், அரசு வாரியங்கள், அமைச்சரின் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் கொடுக்கும் உபகாரச் சம்பளம், கல்விக் கடன் போன்ற ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டவர் சிறுவயதினர் என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. லாரி ஓட்டுநர் வீட்டுத் தாளில் கழிவு என்று எழுதாமல் உபகாரச் சம்பளம் என்று எழுதியிருந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

கல்விக் கடன் என்றதும் பிடிபிடிஎன் பேச்சு வரும். "பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க அங்கிள், எல்லாம் பிடிபிடிஎன் பார்த்துக்கும்" என்பார்கள். 1997-இல் சட்டம் இயற்றி அமைத்த இந்தக் கடன் நிதி டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் கடன் தருகிறது. ஃபவுண்டேஷனுக்குத் தருவதில்லை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பல குடும்பங்கள் தப்பித்திருக்கும். டிப்ளோமாவுக்குக் கிடைக்கும் தொகையும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும். தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அது அடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். மீதிக்கு எங்கே போவோம்? ஊழியர் சேமநிதிக்குப் போவோம். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் கல்விக்கு எடுக்கும் பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து போகும். தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்த அந்தப் பணம் நல்ல கல்விக்குப் போனால் யாரும் வருந்த மாட்டார்கள். அதை டிரையல் முடிவை நம்பிக் கொடுக்கச் சொல்வதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சரி, நம் மக்கள் ஏன் இந்த வலையில் விழுகிறார்கள்? படிக்காதவர்கள், ஏமாளிகள் என்று நம்மவர்களே சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசாங்கத்தின் கதவு திறக்குமா என்று தெரியாதவன், திறந்திருக்கும் கதவுக்குள் காலை வைக்கத்தான் பார்ப்பான்.

மெட்ரிகுலேஷன் என்பது கிட்டத்தட்ட ஓர் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் பாதை. செலவு மிகக் குறைவு, தங்குமிடம் உண்டு, கைச்செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை. அந்த ஏற்பாட்டில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்றார்கள். பின்னர் 2,200 என்றார்கள். 2019-இல் அமைச்சரவை மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியது. உயர்த்தியபோதும் 90க்கு 10 என்ற கணக்கை அப்படியே வைத்துக்கொண்டது. ஆட்சி மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்பிஎம்மில் 10 'ஏ' அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இனத்து மாணவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் 2025-இல் அந்தப் பத்தில் 'ஏ' மைனஸ் சேராது என்று ஆனது. சான்றிதழில் 'ஏ' என்று அச்சிட்டிருப்பது வாசலில் 'ஏ' இல்லையாம். இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துப் பாடம் எழுதினால்தானே பத்து 'ஏ' எடுக்க முடியும்? நம் பிள்ளைகளில் பலர் தமிழ் மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து எடுத்தால்தான் எண்ணிக்கை பத்தைத் தொடும். தமிழுக்கு வகுப்பு இல்லாத இடைநிலைப்பள்ளியில், சனிக்கிழமை எங்கோ போய்ப் படித்து எழுத வேண்டியிருக்கிறது. பேருந்து வசதி இல்லாத இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்பது பாடத்தோடு கதை முடிகிறது. ஒன்பதிலும் 'ஏ' எடுத்திருந்தாலும் அறிவிப்பு அவளைத் தொடாது.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில் நம் மக்கள் கண்ணீர்ப்புகையிலும் ரசாயன நீரிலும் நின்றார்கள். அந்தக் கோபத்தில் உயர்கல்வியின் வாசல் சாத்தியிருந்ததும் ஒன்று. அன்று பிறந்த குழந்தைகள் ஐந்தாம் படிவத்தையே தாண்டிவிட்டார்கள். வாசலில் இன்னும் நிச்சயம் இல்லை. கல்லூரி ஆள் விற்பது இந்த நிச்சயமின்மையைத்தான். கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்கும் வீட்டில் வந்து, கிடைத்துவிட்டது என்று ஒரு கடிதத்தை நீட்டுகிறார். அந்தக் கடிதத்தின் விலை நமக்குப் பிறகுதான் தெரிகிறது.

ஆனால் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு, திறந்திருக்கும் அரசாங்கக் கதவுகளை நாம் கவனிக்காமல் விடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறாம் படிவத்தை நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. "அது கஷ்டம், அங்கே போனால் பெயில்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்புகிறோம். எஸ்டிபிஎம் 2012-லிருந்து மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டிய பழைய காலம் போய்விட்டது. ஒன்றரை ஆண்டுப் படிப்பு, செலவு பேருந்துக்கும் புத்தகத்துக்கும்தான். உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். இனக் கணக்கும் அங்கே கிடையாது. தனியார் ஃபவுண்டேஷனோ பெரும்பாலும் அதை நடத்தும் கல்லூரியின் அடுத்த வாசலுக்குத்தான் கொண்டுபோகும். கட்டணமும் கூடவே வரும்.

பாலிடெக்னிக் இருக்கிறது. 1969-இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் ஆரம்பித்து இன்று நாடு முழுக்க 30-க்கும் மேல். பருவக் கட்டணம் சில நூறு வெள்ளி. தனியார் கல்லூரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படிக்கும் அதே வகை டிப்ளோமா.

உண்மையிலேயே சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் ஒரு வழி இருக்கிறது. கோலேஜ் வொகேஷனல் என்று சொல்லும் தொழிற்கல்லூரிதான் அது. மூன்றாம் படிவம் முடித்ததும் 16 வயதில் சேரலாம். முதல் இரண்டு ஆண்டில் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ், அடுத்த இரண்டு ஆண்டில் டிப்ளோமா. மற்ற பிள்ளைகள் எஸ்பிஎம் எழுதி முடித்து எங்கே சேரலாம் என்று யோசிக்கும்போது, இந்தப் பிள்ளை டிப்ளோமாவில் இருக்கும். மின்சாரம், வாகனம், வெல்டிங், சமையல், கணக்கியல் என்று பல துறைகள். ஆனால் "படிக்காத பிள்ளைகள் போற இடம்" என்று நாமே முத்திரை குத்திவிட்டோம். விண்ணப்பம் மூன்றாம் படிவத்திலேயே போட வேண்டும். அந்த வயதில் நம்மில் எத்தனை பேர் பிள்ளையின் அடுத்த படியைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கிறோம்? ஐந்தாம் படிவத்தில் கூடாரத்தைப் பார்த்த பிறகுதான் அவசரம் வருகிறது.

இன்னொரு விஷயம். மெட்ரிகுலேஷனுக்கும் யுபியு வழியாக அரசாங்கக் கல்வி நிலையங்களுக்கும் விண்ணப்பம் போட எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முடிவுக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பம் திறந்துவிடும். தேர்வு எழுதி முடித்த வாரத்திலேயே பிள்ளையை உட்கார வைத்து அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கும் தேதி கொடுப்பார்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் அன்று மாலையே தனியார் கல்லூரிக்கு ஓடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தனியார் கல்லூரிதான் என்று முடிவு செய்யும் குடும்பங்கள் இருக்கும். அது உங்கள் உரிமை. நல்ல தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. அப்படியானால் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ-வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரே இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்று பாருங்கள். பிறகு கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்: எஸ்பிஎம் முடிவு போதாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? மெட்ரிகுலேஷனோ அரசாங்க இடமோ கிடைத்து விலகினால் எவ்வளவு பிடிப்பீர்கள்? உபகாரச் சம்பளம் என்று எழுதியிருப்பது பணமா, கழிவா? பதில் வாய்மொழியாக வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். பணம் கட்டினால் கல்லூரியின் பெயரில் ரசீது வாங்குங்கள். முகவரின் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

ஏற்கனவே பணம் கட்டிச் சிக்கிக்கொண்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நீங்களே பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அந்த மன்றத்தில் வழக்கறிஞர் வைத்துப் பேசவும் இடமில்லை, என் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். முகவர் அனுப்பிய குரல் பதிவையும் அழிக்காதீர்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது இவை. மெட்ரிகுலேஷனில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இனத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். 10 'ஏ' என்றால் 'ஏ' மைனஸும் 'ஏ'தான் என்று ஏற்க வேண்டும். பத்துப் பாடம் எழுத வசதி இல்லாத பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு வேறு அளவுகோல் வேண்டும், அதில் குடும்ப வருமானமும் சேர வேண்டும். அரசாங்க இடம் கிடைத்து விலகும் மாணவருக்குத் தனியார் கல்லூரி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உயர்கல்வி அமைச்சு விதி போட வேண்டும். அரசாங்கப் பள்ளியின் மண்டபத்தில் தனியார் கல்லூரிக்கு மேசை கொடுத்தால், அதற்குப் பக்கத்தில் ஆறாம் படிவத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் மேசை போட வேண்டும். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.

இவற்றோடு, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைத் தொடங்கும் வழியை அரசாங்கமே திறக்க வேண்டும். பாலிடெக்னிக் இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் வார இறுதியிலோ விடுமுறையிலோ அங்கே போய் ஒன்றிரண்டு பாடம் படித்து, அந்தக் கிரெடிட்டைப் பிறகு டிப்ளோமாவில் சேர்த்துக்கொள்ள ஏன் ஏற்பாடு செய்யக் கூடாது? கட்டடம் இருக்கிறது, விரிவுரையாளர் இருக்கிறார். மினசோட்டாவில் 1985-இல் செய்தது இங்கே முடியாத காரியம் அல்ல.

அதுவரை, கல்லூரி ஆள் வீட்டுக்கு வந்தால் மரியாதையாக உட்கார வையுங்கள், தேநீர் கொடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம் முடிவு வந்த மறுநாள் வரச் சொல்லி அனுப்புங்கள். இந்த வாரத்தோடு கழிவு முடிந்துவிடும் என்று அவர் சொன்னால், அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.